பழைய லேப்டாப்பில் மின்ட் போட்டாச்சு. கடை ஃபைலை வீட்டிலிருந்து எடுப்பது எப்படி?

#1 பத்திரிகைக்கடை

எல்லோருக்கும் வணக்கம். தேனி பக்கம் சின்ன டிசைன் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் செய்வோம். டிசைன் செய்யும் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10. அதில் கோரல்டிரா, ஃபோட்டோஷாப் ஓடுவதால் அதை மாற்ற முடியாது. மூலையில் ஒரு பழைய லேப்டாப் சும்மா கிடந்தது, 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க் மட்டும் 1 டிபி. அதில் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை, எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான முகப்போடு போட்டுவிட்டேன். போடுவது சுலபமாகத்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் திக்குத் தெரியவில்லை.

எனக்கு வேண்டியது இதுதான். கடையில் எல்லோரும் ஃபைலை இந்த லேப்டாப்பில்தான் சேமிக்க வேண்டும். ராத்திரி வீட்டிலிருந்து நானும் அதே ஃபைலை எடுக்க வேண்டும்.

ஏன் என்றால், போன ஆவணியில் பென்டிரைவால் 500 பத்திரிகை பாழ். ராத்திரி வீட்டில் முகூர்த்த நேரத்தைத் திருத்தினேன். கடையில் பழைய காப்பி அப்படியே இருந்தது. காலையில் நான் போவதற்குள் பையன் அதை அச்சு பிளேட்டுக்கு அனுப்பிவிட்டான். 6 – 7.30 என்று வர வேண்டியது 9 – 10.30 என்று அச்சாகி வந்துவிட்டது. காகிதக் காசு, அச்சுக் காசு எல்லாம் என் தலையில்.

கறுப்புத் திரையில் டைப் செய்து பழக்கமே இல்லை. கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.

#2 கருந்திரை

வாங்க அண்ணே. நீங்கள் கேட்டது ஒரு வேலை மாதிரி தெரியும், உண்மையில் இரண்டு. கடைக்குள் பகிர்வது ஒன்று, அதற்கு சாம்பா என்ற நிரல். வெளியிலிருந்து வருவது இன்னொன்று, அதற்கு எஸ்எஸ்எச், அதாவது ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குள் பாதுகாப்பாகப் போய்க் கட்டளை கொடுக்கும் வழி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலில் கடைக்குள்ளேயே எஸ்எஸ்எச்சைப் பழகுங்கள். அது வந்துவிட்டால் லேப்டாப்புக்குத் திரையே வேண்டாம், மற்ற எல்லாவற்றையும் டிசைன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

டெர்மினலைத் திறந்து (நீங்கள் சொன்ன கறுப்புத் திரை அதுதான்): சூடோ ஆப்ட் அப்டேட். சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று அர்த்தம், ஆப்ட் என்பது நிரல்களை இறக்கிப் போடும் கட்டளை. முடிந்ததும்: சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஓப்பன்எஸ்எஸ்எச்-சர்வர். அப்புறம் லேப்டாப்பின் ஐபி முகவரி, அதாவது கடை நெட்வொர்க்கில் அதன் எண், தெரிய வேண்டும்: ஹோஸ்ட்நேம், இடைவெளி, சிறுகோடு, பெரிய ஐ. 192.168 என்று தொடங்கும் எண் வரும். அந்த எண் நாளைக்கு மாறிவிடாமல் ரவுட்டருக்குள் போய் இந்த லேப்டாப்புக்கு என்றே ஒதுக்கி வையுங்கள்.

பிறகு விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து: எஸ்எஸ்எச், இடைவெளி, உங்கள் யூசர் பெயர், அட் குறி, அந்த ஐபி. முதல்முறை "இந்த இயந்திரத்தை நம்பலாமா" என்று கேட்கும். யெஸ் என்று முழுதாக அடிக்க வேண்டும், வெறும் ஒய் போதாது.

#3 பத்திரிகைக்கடை

கருந்திரை தம்பி, இரண்டு சிக்கல்.

ஒன்று, சூடோ போட்டால் பாஸ்வேர்டு கேட்கிறது. நான் அடித்தால் எழுத்தே விழவில்லை, நட்சத்திரக் குறிகூட இல்லை. கீபோர்டு போய்விட்டது என்று நினைத்து கடையில் இருந்த வேறு கீபோர்டை மாட்டினேன். அதிலும் விழவில்லை. கடைசியில் பையன்தான் சொன்னான், "அண்ணே, சும்மா அடிச்சு என்டர் தட்டுங்க"ன்னு.

இரண்டு, விண்டோஸிலிருந்து போனால் கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட் என்கிறது.

#4 ஓட்டைப்பெட்டி

கீபோர்டு மாட்டினீர்களா 😂 கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அதேதான் செய்தேன், 2009-இல்.

#5 மெல்லினம்

ரெஃப்யூஸ்ட் என்று வருவது நல்ல செய்திதான் அண்ணா. உங்கள் கம்ப்யூட்டர் லேப்டாப் வரை போய்விட்டது. அங்கே எஸ்எஸ்எச்சுக்கான கதவு எண்ணில் (போர்ட்) யாரும் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. டைம்டு அவுட் என்று வந்தால்தான் கஷ்டம். அப்போது ஐபி தப்பு, அல்லது லேப்டாப் தூங்குகிறது, அல்லது நடுவில் ஃபயர்வால் பதிலே சொல்லாமல் விழுங்குகிறது. இந்த இரண்டு செய்திக்கும் வித்தியாசம் தெரிந்தாலே பாதி நேரம் மிச்சம்.

உங்களிடம் சர்வர் ஓடவில்லை என்று நினைக்கிறேன். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் எஸ்எஸ்எச் என்று அடித்துப் பாருங்கள். ஒருவேளை சர்வர் என்பதற்குப் பதில் கிளையன்ட் என்று இன்ஸ்டால் செய்திருப்பீர்களோ? கிளையன்ட் என்பது இங்கிருந்து வெளியே போகும் பக்கம், மின்ட்டில் ஏற்கெனவே இருக்கும். அதனால் "புதியதே இருக்கிறது" என்று சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாது. நமக்கோ எல்லாம் சரியாக முடிந்த மாதிரி இருக்கும்.

#6 பத்திரிகைக்கடை

அக்கா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! கிளையன்ட் என்றுதான் போட்டிருக்கிறேன். "கஸ்டமர்" மாதிரி இருக்கிறதே, நாம்தானே என்று போட்டுவிட்டேன். இப்போது சர்வர் போட்டேன், உள்ளே போய்விட்டது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் லேப்டாப்பின் பெயர் வந்து நிற்கிறது. ஃபைல் பட்டியலைக் காட்டும் கட்டளையாமே, பத்து நிமிஷம் சும்மாவே எல்எஸ், எல்எஸ் என்று அடித்துக்கொண்டிருந்தேன்.

#7 வடலி

வாழ்த்துகள். ஒரு சின்னக் கதை. இந்த எஸ்எஸ்எச்சை எழுதினவர் ஃபின்லாந்துக்காரர், டாட்டு யுலோனென். 1995-இல் அவரின்ட பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடிப்போட்டார்கள். அந்தக் காலத்து இணைப்பு முறைகளான டெல்நெட், எஃப்டிபி எல்லாம் கடவுச்சொல்லை மறைக்காமல் அப்பட்டமாகவே அனுப்பும். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று கதவு எண்கள் இருந்தன. நடுவில 22 காலியாக் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கினார். இண்டைக்கு வரைக்கும் அதே 22 தான்.

நீங்கள் உள்ளுக்க போனதும் அந்தக் கதவாலதான்.

#8 கருந்திரை

அருமை. சரி, அடுத்தது சாம்பா. மெல்லினம், இதை நீங்கள் சொல்லுங்கள், என்னைவிட உங்களுக்குப் பொறுமை அதிகம்.

#9 மெல்லினம்

சொல்கிறேன். ஃபைல்களை உங்கள் யூசரின் ஹோம் ஃபோல்டருக்குள் வைக்க வேண்டாம். பல பேர் எழுதும் இடத்துக்குத் தனி ஃபோல்டர்தான் நல்லது. எஸ்ஆர்வி என்று ஒரு ஃபோல்டர் லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும், மற்ற கணினிகளுக்குப் பரிமாறும் சரக்கை வைப்பதற்கென்றே. அதற்குள் வேலை என்று ஒன்றை உருவாக்குங்கள், பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். "கடை" என்று ஒரு குரூப் உருவாக்கி, நீங்களும் பையனும் அதில் சேர்ந்துகொள்ளுங்கள். ஃபோல்டரை அந்த குரூப்புக்குக் கொடுத்து, யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று வைக்கும் கட்டளையான சிஎச்மாட் 2775.

அந்த முன்னால் நிற்கும் 2 முக்கியம். அது இருந்தால் அந்த ஃபோல்டருக்குள் யார் புது ஃபைல் உருவாக்கினாலும் அது "கடை" குரூப்புக்கே போகும். இல்லையென்றால் பையன் சேமித்ததை நீங்கள் திருத்த முடியாது, நீங்கள் சேமித்ததை அவன் திருத்த முடியாது.

பிறகு சாம்பாவை இன்ஸ்டால் செய்து, அதன் கான்ஃபிக் ஃபைலின் கடைசியில் ஒரு பத்தி. சதுர அடைப்புக்குறிக்குள் பகிர்வின் பெயர். அதன் கீழே பாத் என்பதில் ஃபோல்டரின் இடம், ரீட் ஒன்லி என்பதில் நோ, வேலிட் யூசர்ஸ் என்பதில் உங்கள் இருவர் பெயர், ஃபோர்ஸ் குரூப் என்பதில் கடை, கிரியேட் மாஸ்க் 0664, டைரக்டரி மாஸ்க் 2775. சேமித்துவிட்டு டெஸ்ட்பார்ம் என்று அடித்தால் எழுத்துப்பிழை இருந்தால் காட்டிக்கொடுக்கும். கடைசியில் எஸ்எம்பிடியை, அதாவது சாம்பாவின் சர்வரை, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. லினக்ஸ் பாஸ்வேர்டு வேறு, சாம்பா பாஸ்வேர்டு வேறு. சூடோ எஸ்எம்பிபாஸ்வேர்டு, சிறுகோடு ஏ, யூசர் பெயர் என்று தனியாக வைக்க வேண்டும். அதில் "பாஸ்வேர்டு" என்பதை பிஏஎஸ்எஸ்டபிள்யூடி என்று சுருக்கித்தான் எழுத வேண்டும்.

#10 ஓட்டைப்பெட்டி

இவ்வளவு எதற்கு? சிஎச்மாட் 777 அடித்தால் ஒரே வரியில் முடிந்தது.

#11 கருந்திரை

முடிந்தது சரி, எது முடிந்தது என்பதுதான் கேள்வி. 777 என்றால் அந்த லேப்டாப்பில் ஓடும் எந்த நிரலும், எந்த யூசரும் அந்த ஃபைல்களை எழுதலாம், அழிக்கலாம். வீட்டுச் சாவி தொலைந்தது என்று கதவையே கழற்றி வைத்த மாதிரி. அண்ணே, மெல்லினம் சொன்னபடியே செய்யுங்கள்.

#12 பத்திரிகைக்கடை

செய்தேன். விண்டோஸில் நெட்வொர்க் என்பதைத் திறந்தால் லேப்டாப் தெரியவே இல்லை. ஒரு மணி நேரம் போய்விட்டது.

#13 மெல்லினம்

தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வேலை செய்யும். முகவரிப் பட்டையில் பின்சாய்கோடு இரண்டு, அப்புறம் ஐபி, என்டர். அந்தப் பட்டியலில் பெயர் தெரிவது, விண்டோஸ் ஃபைல் பகிரும் முறையான எஸ்எம்பியின் பழைய முதல் பதிப்பை நம்பி இருந்தது. பாதுகாப்புக் காரணமாக அதை எல்லா இடத்திலும் நிறுத்திவிட்டார்கள். பெயர் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் லேப்டாப்பில் டபிள்யூஎஸ்டிடி என்று ஒரு சின்னப் பொதி இருக்கிறது, அதைப் போடுங்கள்.

திறந்ததும் அதை மேப் நெட்வொர்க் டிரைவ் வழியாக இசட் டிரைவ் ஆக்கிவிட்டால் பையனுக்கு வித்தியாசமே தெரியாது.

#14 வடலி

சாம்பாவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமோ? ஆஸ்திரேலியாவில ஆண்ட்ரூ டிரிட்ஜெல் எண்டவர் எழுதினது. முதல் வைத்த பெயர் வேறொருவரின்ட வணிகக்குறியோட மோதியதால மாற்றச் சொன்னார்கள். எஸ், எம், பி மூன்று எழுத்தும் அதே வரிசையில் வாற சொல் அகராதியில என்ன இருக்கு என்று கிரெப் எண்ட தேடும் கட்டளையைப் போட்டுத் தேடினாராம். சாம்பா வந்தது.

#15 பத்திரிகைக்கடை

இசட் டிரைவ் வந்துவிட்டது! கோரலில் நேரடியாகவே திறக்கிறது.

ஆனால் மத்தியானம் சாப்பிடப் போகும்போது லேப்டாப்பை மூடிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் பையன் முறைக்கிறான், டிரைவைக் காணோமாம்.

#16 கருந்திரை

மூடினால் தூங்கும். இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும். எக்ஸ்எஃப்சிஇ பவர் மேனேஜரில் "மூடினால்" என்பதில் திரையை அணை என்று மட்டும் வையுங்கள். நீங்கள் லாகின் செய்திருக்கும்போது அதுதான் கேட்கும். கரண்ட் போய் வந்து லாகின் திரையிலேயே நிற்கும்போது பேச்சு சிஸ்டம்டி கையில், லினக்ஸில் எல்லாச் சேவைகளையும் தொடங்கி நடத்துவது அதுதான். அதற்கு ஈடிசி ஃபோல்டருக்குள் சிஸ்டம்டி, அதற்குள் லாகின்ட் கான்ஃப் ஃபைலில் ஹேண்டில்லிட்ஸ்விட்ச் என்ற வரியின் முன் இருக்கும் ஹேஷ் குறியை எடுத்துவிட்டு இக்னோர் என்று மாற்றுங்கள். மாற்றியதும் ஒரு ரீபூட்.

#17 பத்திரிகைக்கடை

இரண்டும் செய்தேன், இப்போது மூடினாலும் ஓடுகிறது.

ஒரு வாரமாகப் பழைய வேலைகளை எல்லாம் இசட் டிரைவுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஒரு புதிர். 2,300 ஃபைல் இருக்கும், அதில் 14 மட்டும் காப்பி ஆக மறுக்கிறது. ஏதோ எரர், ஸ்கிப் செய்யவா என்று கேட்கிறது. விண்டோஸில் அந்த ஃபைல்கள் நன்றாகத் திறக்கின்றன. டிஸ்க்கில் இடம் நிறைய இருக்கிறது.

#18 ஓட்டைப்பெட்டி

பெர்மிஷன். 777 போடுங்கள் 😉

#19 கருந்திரை

பெர்மிஷன் என்றால் எல்லாமே நின்றிருக்கும், 14 மட்டும் நிற்காது. ஃபைல் ஏதாவது கோரலில் திறந்தபடி இருந்ததா? இல்லை, டிஸ்க்கில் பேட் செக்டரா?

#20 பத்திரிகைக்கடை

கோரலை மூடிவிட்டுத்தான் செய்தேன். அந்த 14 ஃபைலையும் பென்டிரைவுக்குப் போட்டுப் பார்த்தேன், போகிறது! லினக்ஸுக்கு மட்டும்தான் போக மாட்டேன் என்கிறது. எல்லாமே கல்யாணப் பத்திரிகை. ஒரு கண்ணீர் அஞ்சலிகூட இல்லை. லினக்ஸுக்குக் கல்யாணம் பிடிக்காதோ?

#21 மெல்லினம்

பொறுங்கள். பெயரை எப்படி வைப்பீர்கள்?

#22 பத்திரிகைக்கடை

இரண்டு வருஷமாகத் தமிழில்தான். பையன் தமிழில் டைப் செய்யும் என்எச்எம் ரைட்டரைப் போட்டுக் கொடுத்ததிலிருந்து. பிற்பாடு தேடினால் கிடைக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், ஊர், மண்டபம், தேதி, எத்தனை பக்கம், எத்தனையாவது திருத்தம் எல்லாம் பெயரிலேயே போட்டுவிடுவோம்.

#23 மெல்லினம்

கிடைத்துவிட்டது 🙂 பெயர் நீளம்!

டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு ஃபைல் பெயருக்கு 255 குறியீடு வரை இடம். தமிழானாலும் ஆங்கிலமானாலும் ஒரே கணக்கு. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4-இலும் 255 தான், ஆனால் அது பைட் கணக்கு. ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழ் யூனிகோடில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். அப்படியானால் 85 குறியீட்டோடு முடிந்தது.

அந்த 85-ம் நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்கு இல்லை. "அழைப்பிதழ்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது ஆறு எழுத்து: அ, ழை, ப், பி, த, ழ். கம்ப்யூட்டருக்கு அது அ, ழ, ஐகாரக் குறி, ப, புள்ளி, ப, இகரக் குறி, த, ழ, புள்ளி. பத்து. ஆக 30 பைட். "அழைப்பிதழ்" என்று இடைவெளி விட்டு எட்டு முறை எழுதினால் 247 பைட், ஒன்பதாவதுக்கு இடமில்லை. ஸ்ரீ என்ற ஓர் எழுத்தே 12 பைட்.

நம்பவில்லையென்றால் லேப்டாப் டெர்மினலில் டச் என்று அடித்து, மேற்கோள் குறிக்குள் அந்தப் பெயரை ஒட்டி என்டர் தட்டுங்கள். ஃபைல் நேம் டூ லாங் என்று அதுவே சொல்லும்.

#24 பத்திரிகைக்கடை

அக்கா, அப்படியே சொல்கிறது!! ஃபைல் நேம் டூ லாங். கண்ணீர் அஞ்சலியில் ஒரே ஒரு பெயர்தான் வரும், அதனால்தான் அது தப்பித்திருக்கிறது.

#25 வடலி

நல்ல கண் தங்கச்சி உங்களுக்கு. எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்று மாற்றினாலும் இதே 255 பைட்தான், அதனால அந்த வழியில தப்ப ஏலாது. பெயரைச் சுருக்கத்தான் வேணும்.

இன்னொரு பொறியும் இருக்கு. "கொ" என்பதை இரண்டு மாதிரிச் சேமிக்கலாம். க-வும் ஒகரக் குறி ஒன்றும். அல்லது க, எகரக் கொம்பு, கால் என மூன்றாக. பார்வைக்கு ஒன்று, பைட் வேறு. லினக்ஸ் பைட்டை மட்டும்தான் பார்க்கும். ஒரே கோப்புறைக்குள்ள "கொடைக்கானல்" என்று இரண்டு கோப்பு இருக்கிறதை நான் பார்த்திருக்கிறேன். மாக் கணினியில இருந்து வந்தது ஒன்று. ஸ்ரீயும் அப்படித்தான். முதல் எழுத்தை ஸ போட்டும் எழுதலாம், ஶ போட்டும் எழுதலாம். எழுத்துரு இரண்டையும் ஒரே மாதிரிக் காட்டும். ஒன்றைப் போட்டுத் தேடினால் மற்றது அகப்படாது.

#26 பத்திரிகைக்கடை

ஐயோ, போன மாதம் "ஸ்ரீ" என்று தேடி ஒரு ஃபைல் கிடைக்காமல் முழு டிசைனையும் திரும்பப் போட்டோமே! அது இதுதானா என்று இப்போதே பார்க்கிறேன்.

(பார்த்தேன். இதேதான். பையன் ஒரு கீபோர்டு முறையில் அடிக்கிறான், நான் வேறு முறையில்.)

#27 கருந்திரை

பேசாமல் தேதியை முன்னால் வைத்து ஆர்டர் எண்ணைப் போட்டுவிடுங்கள்: 2025-09-04, பில் எண், அப்புறம் ஒரே ஒரு தமிழ்ச் சொல். பில் புத்தகத்தில்தான் மாப்பிள்ளை, பெண், ஊர் எல்லாம் இருக்கிறதே.

#28 பத்திரிகைக்கடை

அப்படியே ஆக்கிவிட்டேன். இப்போது வீட்டு விஷயம். யூடியூபில் பார்த்து, வெளியிலிருந்து வருவதை லேப்டாப்புக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வேர்டிங்கை ரவுட்டரில் செய்தேன். வெளியிலிருந்து வரவே இல்லை. டைம்டு அவுட். மெல்லினம் அக்கா சொன்ன "கஷ்டமான" வகை.

#29 ஓட்டைப்பெட்டி

22-ஓடு சாம்பாவின் கதவு 445-ஐயும் திறந்துவிடுங்கள். சாம்பா நேராக வீட்டிலேயே தெரியும்.

#30 கருந்திரை

ஓட்டைப்பெட்டி, சும்மா இருய்யா. 445-ஐ இணையத்துக்குத் திறக்கவே கூடாது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் வந்து உலகம் முழுக்க கம்ப்யூட்டர்களைப் பூட்டியது அந்தக் கதவு வழியாகத்தான். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே ஆடிப்போயின. இது கேலிக்கு வைத்துக்கொள்கிற விஷயம் இல்லை.

அண்ணே, ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வேன் ஐபி என்று இருக்கும், இணைய நிறுவனம் உங்கள் ரவுட்டருக்குக் கொடுத்த எண். அது எந்த எண்ணில் தொடங்குகிறது?

#31 பத்திரிகைக்கடை

100.72 என்று தொடங்குகிறது.

#32 கருந்திரை

அப்படியானால் நீங்கள் எவ்வளவு திறந்தாலும் வராது. 100.64-இலிருந்து 100.127 வரை உள்ள எண்கள் இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வதற்காக 2012-இல் ஒதுக்கியவை. வெளியுலகுக்குத் தெரியும் ஐபி ஒன்றுதான், அதற்குப் பின்னால் உங்களைப் போல் எத்தனையோ வீடு, கடை. ஃபிளாட்டுக்கு மெயின் கேட் வாட்ச்மேன் கையில் இருக்கும்போது நீங்கள் உங்கள் வீட்டு வாசலைத் திறந்து வைத்து என்ன பயன்? இதை சிஜிநேட் என்பார்கள்.

மூன்று வழி. நிலையான ஐபியை மாதக் காசு கொடுத்து வாங்குவது. வாடகை சர்வர் ஒன்று எடுத்து அதில் வயர்கார்டு என்ற விபிஎன், அதாவது கம்ப்யூட்டர்களுக்கு நடுவே மறைவான சுரங்கப்பாதை, ஓட்டுவது. அல்லது டெயில்ஸ்கேல் என்ற சேவை. அதற்குள்ளும் வயர்கார்டுதான், ஆனால் இரண்டு பக்கமும் வெளியே பார்த்துக் கூப்பிட்டு நடுவில் சந்திக்கும், அதனால் வாட்ச்மேன் தடுக்க மாட்டார். ரவுட்டரில் திறந்ததை எல்லாம் முதலில் மூடுங்கள்.

#33 வடலி

டெயில்ஸ்கேல் என்றால் திறவுகோல்களை ஒருங்கிணைக்கிற சர்வர் இன்னொருவரின்ட கையில. உங்கட கோப்புகள் அவர்களுக்குத் தெரியாது, அது நுனிக்கு நுனி மறைகுறியில போகும். ஆனா ஆர் உள்ளுக்க வரலாம் என்று சொல்லும் அதிகாரம் அங்கதான் இருக்கு. எனக்கு அது பிடிக்காது. நான் வாடகை சர்வரில வயர்கார்டைத்தான் ஓட்டுறன். 2020-இல லினக்ஸின்ட மையமான கர்னல் 5.6-இலேயே சேர்த்துவிட்டார்கள், கர்னல் பகுதியைத் தனியா நிறுவத் தேவையில்லை.

#34 மெல்லினம்

வடலி அண்ணா சொல்வது நியாயம்தான். ஆனால் மூன்று வாரம் முன்பு கீபோர்டு மாற்றியவரிடம் போய் வாடகை சர்வர் என்றால் எப்படி? முதலில் டெயில்ஸ்கேலில் வேலை நடக்கட்டும். கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். பிடிக்காவிட்டால் பிறகு மாறிக்கொள்ளலாம், லேப்டாப்பில் மற்ற எதையும் தொட வேண்டியிருக்காது.

#35 பத்திரிகைக்கடை

போட்டேன். வீட்டு லேப்டாப்பிலும் போட்டேன். இதுவும் லேப்டாப்புக்கு 100.90 என்று ஓர் எண் கொடுக்கிறதே? பழைய வாட்ச்மேனேவா?

#36 கருந்திரை

ஹா ஹா, நல்ல கேள்வி. அவர்களும் அதே வரிசையைத்தான் எடுத்து உபயோகிக்கிறார்கள், பொது இணையத்தில் மோதாது என்பதால். இந்த 100 உங்களுடையது. பயப்படாமல் அந்த எண்ணுக்கே எஸ்எஸ்எச் போங்கள்.

#37 பத்திரிகைக்கடை

வந்துவிட்டது! வீட்டில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கடை லேப்டாப்புக்குள் இருக்கிறேன். ஆனால் சாம்பா வழியாக 150 எம்பி கோரல் ஃபைலைத் திறந்தால் கோரல் உறைந்துபோகிறது.

#38 மெல்லினம்

கடை இணைப்பின் அப்லோடு வேகம் எவ்வளவு? 10 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 1.25 எம்பி. 150 எம்பிக்கு இரண்டு நிமிஷம், அதுவும் நேர்கோட்டில் வந்தால். சாம்பா ஒவ்வொரு துண்டுக்கும் கேள்வி கேட்டு பதில் வாங்கும். கடைக்குள் அது தெரியாது, தூரத்தில் தெரியும். எஸ்எஸ்எச் வழியாக ஃபைலை இழுக்கும் வின்எஸ்சிபி போடுங்கள், எஸ்எஃப்டிபி என்று தேர்ந்தெடுத்து அதே 100.90 எண், அதே யூசர். ஃபைலை இழுத்து வீட்டில் வைத்துத் திருத்தி, திரும்ப அங்கேயே வையுங்கள்.

#39 ஓட்டைப்பெட்டி

அப்படியென்றால் மறுபடியும் இரண்டு காப்பிதானே? பென்டிரைவ் கதையே திரும்ப வராதா? (இந்த முறை சீரியஸாகவே கேட்கிறேன்.)

#40 கருந்திரை

சரியான இடத்தைப் பிடித்தாய். அண்ணே, எஸ்ஆர்வி வேலை ஃபோல்டருக்குள் "அச்சுக்கு" என்று ஒரு ஃபோல்டர் வையுங்கள். பிளேட்டுக்குப் போவது அதிலிருந்து மட்டும்தான். அதில் எழுதும் உரிமை உங்கள் யூசருக்கு மட்டும். பையன் படிக்கலாம், எடுக்கலாம், வைக்க முடியாது. திருத்தி முடித்து நீங்கள் அதில் வைத்தால்தான் அச்சு.

#41 பத்திரிகைக்கடை

இந்த பெர்மிஷன் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. சிஎச்மாட் 755 போட்டேன். ஆனாலும் பையன் வைத்த ஃபைல் உள்ளே போகிறதே?

#42 மெல்லினம்

ஃபோல்டரின் ஓனர் யார், நீங்களா அவனா? சிஎச்ஓன் அடித்து ஓனரை மாற்றினீர்களா? அப்புறம், டிசைன் கம்ப்யூட்டர் இசட் டிரைவுக்குள் யார் பெயரில் போயிருக்கிறது? விண்டோஸ் முதலில் கொடுத்த பெயரையே நினைவில் வைத்துக்கொள்ளும்.

#43 பத்திரிகைக்கடை

என் பெயரில்தான் போயிருக்கிறது. ஆரம்பத்தில் நான்தானே அடித்தேன். அவன் பெயருக்கு மாற்றிவிட்டேன். இப்போது "அச்சுக்கு" அவனைத் தடுக்கிறது. அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

#44 பத்திரிகைக்கடை

அவசரம். காலையில் லேப்டாப் ஆன் ஆகவில்லை. எமர்ஜென்சி மோட் என்று கறுப்புத் திரை. நேற்று பேக்கப்புக்கு வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி, ஆன் ஆகும்போது எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்ற பட்டியல் ஃபைலான எஃப்எஸ்டேப்பில் ஒரு வரி எழுதினேன். ராத்திரி அந்த டிஸ்க்கை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். கஸ்டமர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

#45 கருந்திரை

பதற வேண்டாம், ஒன்றும் போகவில்லை. எஃப்எஸ்டேப்பில் எழுதிய டிஸ்க்கைத் தேடிக் காத்திருந்து, கிடைக்காததால் நின்றுவிட்டது. அந்தத் திரையிலேயே பாஸ்வேர்டு கேட்டால் கொடுத்து, நேனோ, ஈடிசி, எஃப்எஸ்டேப் என்று திறந்து அந்த வரியின் முன் ஹேஷ் குறி போட்டுச் சேமித்து ரீபூட். பாஸ்வேர்டு ஏற்கவில்லை என்றால் மின்ட் போட்ட அந்தப் பென்டிரைவிலேயே பூட் செய்து அதே ஃபைலைத் திருத்தலாம்.

பிறகு சாவகாசமாக அந்த வரியில் ஆப்ஷன் பகுதியில் நோஃபெயில் என்று சேருங்கள். டிஸ்க் இல்லாவிட்டாலும் கண்டுகொள்ளாமல் போய்விடும்.

#46 பத்திரிகைக்கடை

இரண்டாவது வழியில் வந்துவிட்டது. இருபது நிமிஷம். கஸ்டமருக்கு இரண்டு டீ. அவர் "என்னங்க, ஹேக் பண்றீங்களா"ன்னு கேட்டார்.

#47 வடலி

பேக்கப்புக்கு ஆர்சிங்க் எடுக்கிறீர்கள்தானே? அதுவும் சாம்பா எழுதின அதே டிரிட்ஜெல், இன்னொருவரோட சேர்ந்து 1996-இல எழுதினது. டிலீட் என்ற ஆப்ஷனைப் போடும்போது கவனம், மூலத்தில அழிந்தது பேக்கப்பிலயும் அழியும். முதலில சிறுகோடு என் போட்டு ஒத்திகை பாருங்கோ. மற்றது, டிஸ்க் மாட்டாத நாளில் ஆர்சிங்க் ஓடினால் வெறும் கோப்புறைக்குள்ள எழுதி லேப்டாப் டிஸ்க்கையே நிரப்பிவிடும். நோஃபெயில் போட்டவர்களுக்கு வாற வருத்தம் அது. மவுண்ட்பாயின்ட் கட்டளையால டிஸ்க் மாட்டியிருக்கா என்று பார்த்துவிட்டு ஓடுகிற மாதிரி வையுங்கோ.

#48 பத்திரிகைக்கடை

வைத்தேன் அண்ணா.

நேற்று ராத்திரி 10.40-க்கு ஒரு போன். பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போச்சு, காலையில் அச்சு. முன்பென்றால் பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்க வேண்டும். வின்எஸ்சிபியில் இழுத்தேன், பெயரைச் சேர்த்தேன், "அச்சுக்கு" ஃபோல்டரில் வைத்தேன். 11.15-க்குப் படுத்தாச்சு. காலையில் பையன் போன் செய்து "அண்ணே, நேத்து பார்த்ததைவிட ஒரு வரி அதிகமா இருக்கே, இதுதானா?"ன்னு கேட்டான். இதுதான்டா என்றேன்.

ஒரு சந்தேகம். லேப்டாப் 24 மணி நேரமும் சார்ஜரிலேயே இருக்கிறது. அடிப்பக்கம் மேஜையில் லேசாக ஆடுகிற மாதிரி இருக்கிறது.

#49 கருந்திரை

அண்ணே, உடனே அணைத்துவிட்டு பேட்டரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் குத்தாமல், அழுத்தாமல் கழற்றிக் கடைக்கு வெளியே வையுங்கள். குப்பையில் போட வேண்டாம். பழைய மாடல்தானே, பேட்டரி இல்லாமலேயே சார்ஜரில் ஓடும்.

#50 பத்திரிகைக்கடை

உப்பித்தான் இருந்தது, நல்ல பலகாரம் மாதிரி. கழற்றிவிட்டேன், ஓடுகிறது. இனிமேல் கரண்ட் போனால் பட்டென்று நின்றுவிடுமே என்று பார்த்தேன். பில் போடும் கம்ப்யூட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் இருக்கிறது, அதில் ஒரு பிளக் காலி. நாளைக்கு அதில் மாட்டிவிடுகிறேன்.